'தச்சன்: மரவேலை செய்யும் சாதியான்' என்று அச்சிட்டவர்களுக்கு

மாணவர் கையகராதியைத் தொகுத்து வெளியிட்ட பதிப்புக் குழுவினருக்கு,

உங்கள் அகராதியில் 'தச்சன்' என்ற சொல்லுக்கு நேரே 'மரவேலை செய்யும் சாதியான்' என்று இருக்கிறது. 'கொல்லன்' என்பதற்கு 'கருமார் சாதியான். கொல்லுதல் என்பதிலிருந்து வந்த சொல்' என்று போட்டிருக்கிறீர்கள். 'தட்டான்' முதலில் பூச்சி, அடுத்து 'ஒரு சாதி'. 'ஆசாரி' ஒரு சாதிப் பட்டம். 'குயத்தி' குயவன் மனைவி. 'கம்மியர்' என்ற சொல் இல்லவே இல்லை. ஆனால் 'தயாரிப்பாளர்' என்பதற்கு மட்டும் 'பொருள்களை உருவாக்குபவர். திரைப்படத்துக்குப் பணம் முதலீடு செய்பவர்' என்று விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பொருளை உருவாக்குகிறவர் என்ற பேர் கடைசியில் உளியோ சுத்தியலோ தொடாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் மரப்பட்டறை நடத்துகிறவள். நிலை, கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை எல்லாம் செய்கிறோம். தமிழ் இலக்கியம் படித்தேன். வேலை பார்ப்பது பட்டறையில். அதனால் இந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

என் பட்டறையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீங்கள் சொல்லும் அந்தச் சாதியில் பிறந்தவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர், நல்ல கைத்திறன் உள்ளவர், கடனுக்கு விண்ணப்பிக்க அனுபவச் சான்று கேட்டார். 'இவர் எங்கள் பட்டறையில் தச்சராகப் பணிபுரிகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போனவர் அதே தாளோடு திரும்பி வந்தார். "அக்கா, இதுல தச்சர்னு இருக்கு, சாதிச் சான்றுல வேற இருக்கு, எது சரின்னு கேக்கறாங்க. கார்ப்பென்டர்னு மாத்திக் குடுத்துடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளியில் எந்தப் பொருளைப் படித்தாரோ அந்தப் பொருளில்தான் அவர் சொல்லைப் படித்தார். அவர் படித்த அகராதி வேறாக இருக்கலாம். இனி வருகிறவர்கள் படிக்கப்போவது உங்களுடையதை.

இதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே எழுதினேன். "அகராதி வழக்கைப் பதிவு செய்கிறது, வழக்கைத் திருத்துவது அதன் வேலை அல்ல" என்று பதில் வந்தது. சரி, வழக்கைப் பற்றியே பேசுவோம். ஆனால் வழக்கு என்றால் நேற்றைய வழக்கு மட்டும்தானா?

நன்னூலில் 320ஆம் நூற்பா நீங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்: 'செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே.' ஒரு வினைச்சொல்லுக்குள் என்னென்ன இருக்கும் என்று பவணந்தி முனிவர் வரிசை போடுகிறார். முதலில் நிற்பவன் செய்பவன். இதை விளக்க ஆசிரியர்கள் வழக்கமாகக் கூப்பிடுவது குடம் வனைந்த குயவனை. வனைந்தான் என்றால் வனைந்தவன் இருக்கிறான், மண்ணும் சக்கரமும் என்ற கருவி இருக்கிறது, வனைதல் என்ற செயல் இருக்கிறது, இடமும் நேரமும் இருக்கின்றன, குடம் இருக்கிறது. ஆறில் எதுவும் பிறப்பு இல்லை. செய்தால் செய்பவன். இலக்கணத்துக்கு இது போதும்.

இலக்கியத்துக்கும் இதுவே போதுமாக இருந்தது. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் ஒரு மண்டபம் வருகிறது. அதைக் கட்டியவர்கள் யார் என்று சாத்தனார் சொல்கிறார்:

மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்
அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும்
தண்தமிழ் வினைஞர் தம்மொடு கூடி

இந்த யவனத் தச்சர் எந்தச் சாதி, சொல்லுங்கள். கடல் கடந்து வந்தவரை 'மரவேலை செய்யும் சாதியான்' என்று எப்படி எழுதுவது? அவரைத் தச்சர் என்று அழைக்கச் சாத்தனாருக்குத் தேவைப்பட்டது அவர் கையில் இருந்த வேலை ஒன்றுதான். உங்கள் பொருளை வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கும் மாணவர் ஒன்று குழம்புவார், அல்லது யவன நாட்டிலும் நம் சாதிகள் இருந்தன என்று எழுதி வைப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தச்சன் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி உங்கள் அகராதி வாயே திறக்கவில்லை. சமஸ்கிருதத்தில் தக்ஷன், பிராகிருதத்தில் தச்ச என்ற வடிவங்கள் இருக்கின்றன. செதுக்குகிறவன், மரத்தை வெட்டி உருவாக்குகிறவன் என்பதுதான் பொருள். தமிழ் வேரிலிருந்தே பிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு. தக்ஷனுக்குக் கிரேக்கத்தில் ஒரு உறவு இருக்கிறது: டெக்டோன். இரண்டும் ஒரே வேரின் கிளைகள். அந்த டெக்டோனுக்கு முன்னால் தலைமை என்ற பொருளில் 'ஆர்க்கி' சேர்ந்து ஆர்க்கிடெக்டோன் ஆயிற்று. அதிலிருந்து வந்ததுதான் ஆர்க்கிடெக்ட். அதாவது ஆர்க்கிடெக்ட் என்றால் எழுத்துக்கு எழுத்து பெருந்தச்சன்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அங்குள்ள கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. பேரரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். உங்கள் அகராதியில் 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லுக்கு 'கட்டடக் கலை வல்லுநர்'. 'பெருந்தச்சன்' என்ற சொல்லுக்கு 'தச்சர் சாதித் தலைவன்'. ஒரே வேர், ஒரே பொருள். ஒன்று வல்லுநராகவும் மற்றது சாதித் தலைவனாகவும் ஆனது எந்த வழக்கில்?

தச்சனைப் பற்றி ஔவையார் சொன்னது புறநானூற்றில் 87ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பகைவரைப் பார்த்து, எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், களத்துக்கு வராதீர்கள் என்று எச்சரிக்கிறார். அவன் எப்படிப்பட்டவன்? 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால் அன்னோனே.' ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன். வகுப்பில் இதை உவமை நயம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். சக்கர வேலை பார்த்தவர்களுக்கு இது நயம் மட்டும் இல்லை.

மாட்டுவண்டிச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதில் குத்திய ஆரக்கால்கள், வெளியே வட்டைத் துண்டுகள். அத்தனை துளையும் அத்தனை நாக்கும் கையால் செதுக்கியவை. ஒன்று மயிரிழை பிசகினாலும் சக்கரம் ஆடும். அப்புறம் இரும்புப் பட்டா. அதைச் சக்கரத்தின் சுற்றளவுக்குச் சரியாகச் செய்யக்கூடாது, கொஞ்சம் குறைவாகச் செய்ய வேண்டும். தரையில் வட்டமாக நெருப்பு மூட்டி அதில் பட்டாவைப் போட்டுச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். ஆளுக்கொரு குறடாகப் பிடித்து அதைத் தூக்கி வந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து பற்றுவதற்குள் குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க, இணைப்புகள் எல்லாம் முனகிக்கொண்டே உள்ளே இறுகும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. குறைத்தது போதவில்லை என்றால் கோடையில் பட்டா கழன்றுகொள்ளும். கூடிப்போனால் ஆரக்கால் வளைந்து சக்கரமே ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். தச்சரும் கொல்லரும் ஒருவர் கணக்கை இன்னொருவர் நம்பிச் செய்த வேலை அது. சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். அந்த வேலை தெரிந்த கையை ஔவையார் தன் மன்னனுக்கு உவமையாக வைத்தார். உங்கள் மூன்று சொல் விளக்கத்தில் அந்தக் கை எங்கே இருக்கிறது?

கொல்லனுக்கு வருகிறேன். 'கொல்லுதல் என்பதிலிருந்து வந்த சொல்' என்று துணிந்து எழுதியிருக்கிறீர்கள். எதைக் கொல்கிறான் என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்? தமிழில் 'கொல்' என்பதற்கு உலோக வேலை, கொல்லுத் தொழில் என்ற தனிப்பொருள் உண்டு. கொல்லுலை என்கிறோம். தெலுங்கில் உலைக்குக் கொலிமி என்றுதான் பெயர், மலையாளத்திலும் கொல்லன்தான். புறநானூறு 95இல் அதே ஔவையார் தொண்டைமானிடம் அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் பேசி, எங்கள் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து 'கொல்துறைக் குற்றில' என்கிறார். கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றனவாம். அந்தக் கொல்துறை கொலை நடக்கும் இடமா? உடைந்ததைச் சரிசெய்யும் இடம். 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு பிள்ளை ஆளாக யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று கடமை பிரிக்கிறார். தாய், தந்தை, மன்னன் என்ற அந்த வரிசையில் 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்ற வரியும் நிற்கிறது.

தட்டான், தகட்டைத் தட்டுகிறவர். இதற்கு வேர் தேடி எங்கும் போகவேண்டாம். பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைப்பது இன்றும் உண்டு. உங்கள் அகராதி பத்தரைப் 'பக்தர்' என்பதன் திரிபு என்று மட்டும் சொல்கிறது. தாய்லாந்தின் குவான் லூக் பட் என்ற இடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. பெரும்பத்தனின் கல். தன் கருவியில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டு கடல் கடந்து போன ஆள் அவர். அங்கே போய்ப் பக்தி செய்தாரா, பொன் உரைத்தாரா என்பதை அந்தக் கல்லே சொல்கிறது.

இனி, நீங்கள் விட்டுவிட்ட சொல். கம்மியர். முன்னுரையில் 'வடமொழி வழிச் சொற்களைக் கூடியவரை குறைத்துள்ளோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கம்மியர் அந்தக் கணக்கில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கருமம் பிராகிருதத்தில் கம்மம் ஆகி, கம்மம் செய்பவர் கம்மியர் ஆனார். பாலி மொழியில் கொல்லனுக்குக் கம்மார என்று பெயர். எல்லாம் உண்மைதான். ஆனால் போர்ச்சுக்கீசியரின் 'மெஸ்த்ரே' மேஸ்திரியாக உங்கள் அகராதியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாரே? அவரை எழுப்பச் சொல்லவில்லை, இருக்கட்டும். சங்கப் பாட்டிலேயே புழங்கிய கம்மியருக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?

நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலை நக்கீரர் வருணிக்கும் இடம் இது: 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து, ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை.' கைதேர்ந்த கம்மியன் முடுக்கியதால் இடைவெளி இல்லாமல் பொருந்தி, வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய உயரமான நிலை. எங்கள் பட்டறையில் இருக்கும் வயதான ஆசாரிக்கு ஒருநாள் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். பொருள் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே, "முடுக்குனாத்தானே புரை போகும்" என்று சொல்லிவிட்டு இழைப்புளியைத் தள்ளப் போய்விட்டார். அவர் சங்க இலக்கியம் படித்தவர் இல்லை. நிலைக்கு இன்றும் நிலை என்றுதான் பெயர். துளையில் நாக்கை இறக்கிக் கொட்டாப்புளியால் முடுக்கும்போது முதலில் தொளதொளவென்று ஒரு சத்தம் வரும். புரை அடையும் நொடியில் அந்தச் சத்தம் மாறிக் கெட்டியாகும். அதற்குப் பிறகு ஒரு அடி கூட அடிக்கக்கூடாது, மரம் பிளந்துவிடும். இந்த வரி அவருக்குப் புரிந்தது காதால். உங்கள் அகராதியில் 'முடுக்கு' என்றால் 'விரைவுபடுத்து, தூண்டு, சந்து'. அவ்வளவுதான். கம்மியரைத் துரத்தியபோது அவர் செய்த வினையையும் சேர்த்துத் துரத்தியிருக்கிறீர்கள்.

அதே பாட்டில் அந்த அரண்மனைக்கு மனை வகுத்தவர்களை நக்கீரர் 'நூலறி புலவர்' என்கிறார். 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு.' கயிறு பிடித்து அளந்தவர்கள் புலவர்கள். அந்தப் பக்கம் பார்த்தால், பாட்டு எழுதியவர்களில் தொழில்காரர்கள் நிறையப் பேர். நற்றிணையில் கச்சிப்பேட்டுப் பெருந்தச்சனார் இருக்கிறார், கச்சிப்பேட்டு இளந்தச்சனாரும் இருக்கிறார். குறுந்தொகையில் மதுரைப் பெருங்கொல்லன். புறநானூற்றில் தங்கால் பொற்கொல்லனார். இரவில் சிறு விளக்கு வெளிச்சத்தில் எழுந்து வரும் பருத்திப் பெண்டைப் பாடியவர் அவர்தான். தச்சனார், கொல்லனார் என்று 'ஆர்' விகுதி போட்டுத் தொகுத்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நீங்கள் 'சாதியான்' என்று ஒருமையில் எழுதுகிறீர்கள்.

பெண்களைப் பற்றி. 'குயத்தி: குயவன் மனைவி.' வெண்ணிக் குயத்தியார் என்று ஒரு புலவர் இருந்தார். கரிகாலன் வெண்ணிப் போரில் வென்ற பிறகு, தோற்றுப் போய்ப் புறப்புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னனைக் காட்டி, 'நின்னினும் நல்லன் அன்றே' என்று அந்தக் கரிகாலனிடமே கேட்டவர். புறநானூறு 66. அவர் யாருடைய மனைவி என்று எங்காவது குறிப்பு இருக்கிறதா? ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. கணவனை நீங்கள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். தச்சனுக்கோ பெண்பால் என்று எதுவுமே தரவில்லை. அப்படியானால் நான் யார்? எங்கள் பட்டறைக்கு அளவு சொல்ல வருகிறவர்கள் "ஆசாரி இல்லையாம்மா?" என்று என்னையே கேட்கிறார்கள். பழகிவிட்டது. அகராதியும் அதையே கேட்டால் எப்படி?

நூல் எழுதுவதை விளக்க நன்னூல் பாயிரம் எடுத்துக்கொண்டதே நூல் நூற்கும் பெண்ணைத்தான். சொல் பஞ்சு, பனுவல் இழை, 'செஞ்சொற் புலவனே சேயிழையா', வாயே கை, மதியே கதிர். பஞ்சிலிருந்து இழை எடுக்கிறவளும் சொல்லிலிருந்து நூல் எடுக்கிறவரும் அங்கே ஒரே வேலைக்காரர்கள். அகராதி செய்கிற நீங்களும் செய்பவர்கள்தான். உங்களைப் பற்றி ஓர் அகராதியில் 'அகராதி எழுதும் சாதியார்' என்று போட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

இந்தப் பெயர்களுக்கும் சாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய்யாகிவிடும். கொங்கு நாட்டில் வெங்கால நாட்டுக் கண்மாளர்களுக்கு, அதாவது தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞர்களுக்கு, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயரில் வந்த அரசாணை ஒன்று கல்வெட்டாக இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அதில் உரிமை வழங்கப்படுகிறது. உரிமை தர வேண்டியிருந்தது என்றால், அதுவரை இல்லை என்றுதானே அர்த்தம்? கோயில் கட்டியவர்கள் சொந்த வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசன் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ராஜராஜப் பெருந்தச்சன், மறு பக்கம் இது. இரண்டும் இந்தச் சொற்களுக்குள் இருக்கின்றன. தொழில் பிறப்போடு கட்டப்பட்டது, கட்டப்பட்டவர்கள் வலியைச் சுமந்தார்கள், அந்தப் பெயரையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 'கண்ணை ஆள்பவன் கண்மாளன்' என்று பட்டறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லாராய்ச்சிப்படி அது நிற்காது. ஆனாலும் வேலையை வைத்துத்தான் தன் பெயரை விளக்க அந்த மனிதருக்குத் தோன்றியது. உங்களுக்குப் பிறப்பை வைத்து விளக்கத் தோன்றியிருக்கிறது.

ஆகவே சாதிப் பொருளை நீக்கச் சொல்லவில்லை. அதை முதல் பொருளாகவும் ஒரே பொருளாகவும் வைக்காதீர்கள் என்கிறேன். இதன் விளைவு உங்கள் மேசைக்கு வராமல் இருக்கலாம், எங்கள் பட்டறைக்குத் தினமும் வருகிறது. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் தச்சர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். அந்தச் சாதியில் பிறந்தவர்களுக்கு ஒரு காரணம், பிறக்காதவர்களுக்கு இன்னொரு காரணம். எல்லோரும் கார்ப்பென்டர், வெல்டர், டர்னர், ஃபிட்டர் என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அந்தச் சொற்களில் பிறப்பு ஒட்டவில்லை. வேலை மட்டும் இருக்கிறது. தமிழில் பேசினால் சாதி வருகிறது, ஆங்கிலச் சொல் போட்டால் தொழில் வருகிறது என்றால் பிள்ளைகள் எதை எடுப்பார்கள்? தமிழ்ச் சொற்கள் அழிகின்றன என்று மேடைகளில் வருத்தப்படுகிறோம். இவை தானாக அழியவில்லை, நாம்தான் வாழ விடவில்லை.

உங்களிடம் கேட்பவை இவை. தச்சர், கொல்லர், தட்டார், வெண்கல வேலை செய்யும் கன்னார், குயவர் ஆகிய பதிவுகளில் முதல் பொருள் அவர் எந்தப் பொருளில் என்ன வேலை செய்கிறார் என்பதாக இருக்க வேண்டும். சாதிப்பெயராக வழங்குவதைத் தனி எண்ணிட்டு, சமூக வழக்கு என்ற குறிப்போடு அடுத்ததாகத் தாருங்கள். விளக்கங்களில் 'சாதியான்' என்ற ஒருமை வேண்டாம். கொல்லனைக் கொலையோடு சேர்க்கும் பிறப்பு விளக்கத்தை எடுத்துவிட்டு, கொல்லுலை, கொல்துறை என்ற சான்றுகளோடு எழுதுங்கள். கம்மியரைத் திரும்பச் சேருங்கள். அவரோடு சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் கண்ணுள் வினைஞர், மண்ணீட்டாளர், கஞ்சகாரர், துன்னகாரர் ஆகியோரையும். ஓவியரும் மண்ணுருவம் செய்பவரும் வெண்கல வேலைக்காரரும் தையற்காரரும் இந்த மொழியில் என்ன பெயரில் இருந்தார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியட்டும். பெருந்தச்சனுக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் ஒரே மரியாதையில் பொருள் எழுதுங்கள். பெண்பால் சொற்களில் தொழில் செய்பவர் என்பது முதலிலும், மனைவி என்பது வழக்கில் இருந்தால் பின்னாலும் வரட்டும்.

அப்புறம், இந்தப் பதிவுகளைத் திருத்த உட்காரும்போது தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். 'செய்வினை செய்வான் செயன்முறை அவ்வினை உள்ளறிவான் உள்ளம் கொளல்' என்ற 677ஆம் குறளை உங்கள் அகராதியின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த உள்ளறிவானில் ஒருவர்கூடக் குழுப் பட்டியலில் இல்லை. முடுக்குதல், இழைத்தல், பொளிதல், குயிலுதல், கடைதல், வார்த்தல் போன்ற வினைகளுக்குப் பொருள் கேட்க ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்தால் போதும். எங்கள் பட்டறைக்கு வந்தாலும் சரி, இடமும் தேநீரும் உண்டு. சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

மறுபதிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புத்தகம் ஏற்கெனவே பள்ளி நூலகங்களுக்குப் போய்விட்டது. ஒற்றைத் தாளில் திருத்தப் பட்டியல் அச்சிட்டு, புத்தகம் போன எல்லாப் பள்ளிகளுக்கும் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் அனுப்புங்கள். செய்வீர்களா, செய்யமாட்டீர்களா என்பதை, செய்யாவிட்டால் அதற்கான காரணத்தோடு, எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மரப்பட்டறை நடத்தும் ஒரு தச்சர்